ஐவரும் பதினைவரும்: பல்லினப் பள்ளிகளில் இஸ்லாமியக் கல்வியும் தமிழ்மொழியும்

 

'பல்லினப் பள்ளிகளில் இஸ்லாமியக் கல்வி' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு மன்றத்தார் என்னைப் பணித்தனர். சமயப் பாடத்தைப் பற்றிப் பேசத் தமிழாசிரியன் ஒருவனை ஏன் அழைத்தார்கள் என்று அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர் கேட்டார். அதையும் பத்துமலையில், முருகன் சந்நிதிக்கு அருகிலேயே பேச வேண்டுமா என்றும் கேட்டார். முதல் வினாவிற்கு இவ்வுரை முழுவதும்தான் விடை. இரண்டாம் வினாவிற்கு இப்போதே விடை கூறிவிடலாம். இக்குகைக்கோயில் எழக் காரணராயிருந்த கா. தம்புசாமிப் பிள்ளை, 1893இல் கோலாலம்பூரில் அடிக்கல் நாட்டப்பெற்ற விக்டோரியா கல்விக்கூடத்தை நிறுவியவர்களுள்ளும் ஒருவர். கோயிலுக்குக் கொடுத்த கை, பல இனத்துப் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து படிக்கும் பள்ளிக்கும் கொடுத்தது. இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கோம்பாக்கில், பன்னாட்டு இஸ்லாமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆகவே இப்பொருளைப் பேச இது பொருந்தாத இடமன்று.

இஸ்லாமியக் கல்வியில் எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை அச்சமயத்து அறிஞர்கள் முடிவு செய்வார்கள். அதற்குள் நான் புகப்போவதில்லை. எனக்குரிய வினா வேறு. அந்தக் கல்வியைப் பெறும் பிள்ளையின் வீட்டுமொழி தமிழாக இருந்தால் என்ன நிகழ்கிறது? அப்பிள்ளைக்கு அருகில் அமர்ந்திருக்கும் வேற்றுச் சமயப் பிள்ளைக்கு என்ன நிகழ்கிறது? இந்த இரண்டிலும் தமிழ் வகுப்பிற்கு ஏதேனும் பங்கு உண்டா?

சட்டத்திலிருந்து தொடங்குவோம். 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் இஸ்லாமிய மாணவர் பதினைந்து பேர் இருந்தால் அவர்களுக்குச் சமயக் கல்வி அளிக்க வேண்டும் என்றது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 50ஆம் பிரிவு அந்த எண்ணை ஐந்தாகக் குறைத்தது. வாரத்திற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம். கற்பிப்பவர் மாநில அதிகாரத்தின் ஒப்புதல் பெற்ற ஆசிரியர். இதற்குப் பெற்றோர் விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை. ஐந்து பிள்ளைகள் இருந்தால் போதும், பள்ளி கொடுத்தே ஆகவேண்டும். அதே சட்டத்தின் 2ஆம் பிரிவு, தேசியப்பள்ளி என்றால் என்ன என்று விளக்குமிடத்தில், தமிழைப் பற்றியும் பேசுகிறது. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்கும் வசதி செய்து தரப்படும் என்கிறது. அங்கே ஐவர், இங்கே பதினைவர். அங்கே கேட்காமலே கிடைப்பது, இங்கே கேட்டால்தான் கிடைப்பது.

இதைச் சொன்னவுடன் அவையில் சிலர் முகம் மாறுவதைக் காண்கிறேன். அவசரப்பட வேண்டாம். நம்மவர் இவ்விரு எண்களையும் எதிரெதிராக நிறுத்திக் குறைகூறுவது வழக்கம். ஆனால் இரண்டு எண்ணிக்கையிலும் இடம்பெறும் பிள்ளை ஒன்று உண்டு. அதுதான் தமிழ் பேசும் முஸ்லிம் பிள்ளை. அப்பிள்ளை ஐவரில் ஒருவராக எண்ணப்படுகிறது. பதினைவரில் ஒருவராக எண்ணப்படுவது மிக அரிது. என் உரையின் மையம் அப்பிள்ளைதான்.

கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆம் விதியையும் நினைவிற் கொள்ள வேண்டும். இஸ்லாமியக் கல்விக்கு அரசு பொருளுதவி செய்யலாம் என்று அவ்விதி சொல்கிறது. தன் பிள்ளைகளுக்குத் தன் சமயத்தைக் கற்பிக்கக் கல்விக்கூடம் அமைக்கும் உரிமை ஒவ்வொரு சமயக் குழுவிற்கும் உண்டு என்கிறது. அத்துடன், தன்னுடையதல்லாத சமயத்தின் போதனையைப் பெறவோ வழிபாட்டில் கலந்துகொள்ளவோ எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்றும் கூறுகிறது. பள்ளியில் நமக்கு அரணாக நிற்பது இந்தக் கடைசிப் பகுதியே. இது முஸ்லிம் அல்லாதாரை மட்டும் காக்கும் அரண் என்று எண்ணிவிடக் கூடாது. தமிழ்ப்பள்ளியின் காலைக் கூட்டத்தில் தேவாரம் பாடப்படும்போது வாய் திறவாமல் நிற்கும் முஸ்லிம் பிள்ளையையும் அதே விதிதான் காக்கிறது. தேசியப்பள்ளியின் சபைக்கூடத்தில் துஆ ஓதப்படும்போது நம் பிள்ளைகளுக்கு என்ன மரியாதையை எதிர்பார்க்கிறோமோ, அதே மரியாதையை நம் பள்ளிகளில் நாம் கொடுக்கிறோமா என்று தலைமையாசிரியர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

இந்த அரணின் விளைவாகப் பள்ளிக் கால அட்டவணையில் ஒரு பிரிவு ஏற்பட்டிருக்கிறது. முஸ்லிம் மாணவர்கள் இஸ்லாமியக் கல்விக்குப் போகிறார்கள். மற்றவர்கள் நன்னெறிக் கல்விக்குப் போகிறார்கள். வாரந்தோறும் மணி அடித்தவுடன் ஒரே வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. இந்தப் பிரிவினை சட்டப்படி சரியானது, தேவையானதும்கூட. அதை அகற்ற வேண்டும் என்று நான் கூறமாட்டேன். ஆனால் அதன் விலை என்ன என்பதை நாம் பார்ப்பதில்லை. பதினோர் ஆண்டுகள் ஒரே பள்ளியில் படித்த இந்து மாணவன், தன் பக்கத்து மேசைத் தோழன் ஒரு நாளில் ஐந்து முறை எதற்காகத் தொழுகிறான் என்பதை அறியாமலே எஸ்.பி.எம். எழுதி முடிக்கிறான். அவன் படித்த நன்னெறிக் கல்வியோ, ஒரு காலத்தில் 36 விழுமியங்களின் விளக்கங்களைச் சொல் மாறாமல் மனப்பாடம் செய்வித்த பாடம். சகிப்புத்தன்மையின் இலக்கணத்தை ஒப்புவித்துவிட்டு, சகிக்க வேண்டிய அயலானைப் பற்றி ஒன்றும் அறியாமல் வெளியேறிய தலைமுறை ஒன்று நம்மிடையே உண்டு. இங்கே சிரிக்கிறவர்கள் அத்தலைமுறையினர் என்று நினைக்கிறேன்.

இனி, தமிழ் முஸ்லிம் பிள்ளையின் ஒரு நாளைப் பார்ப்போம். கிள்ளானிலோ செலாயாங்கிலோ வாழும் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் தேசியப்பள்ளி. அங்கு இஸ்லாமியக் கல்வி மலாய்மொழியில் நடக்கிறது. அதற்குள் ஜாவி எழுத்தும் உண்டு. 2005 முதல் ஜாவி, குர்ஆன், அரபுமொழி, பர்ளு ஐன் ஆகியவற்றை உள்ளடக்கிய ஜே-காஃப் திட்டமும் தொடக்கப்பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது. பிற்பகலில் சமய வகுப்பு, அதுவும் மலாய்மொழியில்தான். மாலையில் வீட்டுப்பாடம். இந்நாளில் தமிழுக்கு எங்கே நேரம்? தேசியப்பள்ளியில் தமிழ் வகுப்பு நடந்தாலும், அது பெரும்பாலும் பள்ளி நேரத்திற்குப் பிறகு வைக்கப்படுகிறது. சமய வகுப்பிற்குப் போக வேண்டிய அதே பிற்பகலில் தமிழ் வகுப்பும் வந்தால், எந்தப் பெற்றோரும் சமயத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அவர்களை நான் குறைகூறமாட்டேன்.

தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பலாமே என்பீர்கள். சில பெற்றோர் அனுப்பவும் செய்கிறார்கள். ஐவர் சேர்ந்தால் அங்கும் சமய ஆசிரியர் வரவேண்டும். ஆனால் நான்கு பேர் மட்டும் இருந்தால்? ஐந்தாவது பிள்ளை எப்போது சேரும் என்று காத்திருக்கும் பெற்றோர், இரண்டாம் ஆண்டில் பொறுமையிழந்து பிள்ளையைத் தேசியப்பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள். இதனால் அப்பிள்ளை தமிழை வெறுத்தது என்று பொருளாகாது. சமயமும் தமிழும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கவில்லை என்பதே பொருள்.

இந்நாட்டில் இதற்கு வேறு ஒரு பரிமாணமும் உண்டு. அரசியலமைப்பின் 160ஆம் விதி 'மலாய்க்காரர்' என்பவரை வரையறுக்கும்போது, இஸ்லாத்தைப் பின்பற்றுதல், வழக்கமாக மலாய்மொழி பேசுதல், மலாய் வழக்கங்களை மேற்கொள்ளுதல் ஆகியவற்றைக் கூறுகிறது. சமயம் முன்பே ஒன்றாக இருக்கும் ஒருவருக்கு, இனி எஞ்சியிருப்பவை மொழியும் வழக்கமும்தாம். எந்த அடையாளத்தை ஏற்பது என்பது அவரவர் குடும்பத்தின் உரிமை; அதில் தலையிட நமக்கு அதிகாரமில்லை. ஆயினும் வீட்டில் தமிழ் பேசவேண்டும் என்று விரும்பும் குடும்பத்திற்குப் பள்ளி துணைநிற்கவில்லை என்றால், மூன்றாம் தலைமுறையில் அந்த உரிமை பெயரளவில்தான் இருக்கும்.

நான் மொழியாசிரியன்; ஆகவே சொற்களுக்கு வருகிறேன். என் பழைய மாணவி ஒருத்தி, கிள்ளானில் வாழும் தமிழ் முஸ்லிம் பெண், இரு பிள்ளைகளின் தாய். அவளுடைய மூத்த மகன் முதலாம் ஆண்டு படித்தபோது ஒருநாள் வீட்டிற்கு வந்து, "பாட்டிக்குத் தொழத் தெரியவில்லை" என்றானாம். காரணம் கேட்டால், பள்ளியில் உஸ்தாஸா 'வுடுக்' என்று சொல்லித் தந்திருக்கிறார். பாட்டியோ 'ஒளு' என்கிறாள். பாட்டி தவறாகச் சொல்கிறாள் என்பது பிள்ளையின் முடிவு. அறுபது ஆண்டு ஐவேளைத் தொழுகையை விடாத மூதாட்டி, ஆறு வயதுப் பேரனிடம் தோற்றுப்போனாள்.

உண்மையில் இரண்டும் ஒரே அரபுச் சொல். அதில் வரும் 'ளாத்' என்னும் எழுத்தின் ஒலி அரபுமொழிக்கே உரிய அரிய ஒலி. மலாய்மொழி அதை டகரமாக ஏற்றுக்கொண்டது. தமிழ் முஸ்லிம்கள் அதைத் தம் ளகரத்தால் குறித்தார்கள். 'ரமளான்', 'பர்ளு' என்று அவர்கள் எழுதுவதும் இதனால்தான். மலாய்மொழியில் அவை 'ரமடான்', 'ஃபர்டு' என ஒலிக்கும். அயல் ஒலி ஒன்றைத் தன் நாவிற்கேற்ப ஏற்பதில் ஒவ்வொரு மொழிக்கும் அதனதன் முறை உண்டு. அந்த மாணவியின் வேண்டுகோளின்பேரில் அதே பள்ளியின் உஸ்தாஸ் ஒருவர், மறுவாரம் அந்த எழுத்தைக் கரும்பலகையில் எழுதி, நாட்டுக்கு நாடு அது எப்படி ஒலிக்கிறது என்று பிள்ளைகளுக்கு விளக்கினாராம். "உன் பாட்டியும் சரி, நானும் சரி" என்று அவர் சொன்னதைக் கேட்டுவந்த சிறுவன், அன்று மாலை பாட்டியிடம் 'ஒளு' எப்படிச் செய்வது என்று கேட்டான். பல்லினப் பள்ளியில் சமயம் கற்பிப்பதென்றால் இதுதான். பாடத்திட்டத்தில் ஒரு வரியும் மாறவில்லை. ஐந்து நிமிடம் செலவானது.

தமிழில் இஸ்லாமியச் சமயச் சொற்கள் எவ்வளவு ஆழமாக வேரூன்றியவை என்பதை நம் ஆசிரியர்களே முழுதும் உணர்ந்ததில்லை. 'தொழுகை' என்கிறோம். தொழுதல் என்னும் வினை திருக்குறளிலும் உண்டு, சைவ வைணவத் திருமுறைகளிலும் பாசுரங்களிலும் உண்டு. 'நோன்பு' என்கிறோம். சமணர் நோற்றதும் நோன்பு, பாவை மகளிர் நோற்றதும் நோன்பு, ரமளானில் நோற்பதும் நோன்பு. 'ஓதுதல்' என்கிறோம். தேவாரம் பாடுபவர் ஓதுவார். குர்ஆன் படிக்கப் போகும் பிள்ளையும் 'ஓதப் போகிறது'. 'பள்ளி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சமண பௌத்தத் துறவியர் உறைவிடம் பள்ளி. நாம் பிள்ளைகளை அனுப்புவது பள்ளிக்கூடம். முஸ்லிம்கள் தொழச் செல்வது பள்ளிவாசல். இத்தனை சமயத்தார்க்கும் இடம்கொடுத்த சொல் நம் மொழியில் வேறு உண்டா என்று தேடிப் பார்க்கிறேன், எனக்குக் கிடைக்கவில்லை.

மலாய்மொழியிலும் இதே நிலைதான். அங்கே சமயம் 'அகாமா', நோன்பு 'புவாசா', சுவர்க்கம் 'ஷுர்கா', நரகம் 'நெராக்கா', பாவம் 'டோசா', புண்ணியப் பயன் 'பஹாலா'. ஆகமம், உபவாசம், சுவர்க்கம், நரகம், தோஷம், பலன் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த வடசொற்களின் உறவினர்களே இவை. இஸ்லாம் இந்நிலத்திற்கு வந்தபோது பழைய சொற்களைத் துரத்தவில்லை. அவற்றுக்குப் புதிய பொருளைத் தந்து தன்னுடன் அழைத்துக்கொண்டது. சமயப் பெரியவரைக் குறிக்கும் 'லெபாய்' என்னும் மலாய்ச் சொல், தமிழின் 'லெப்பை'தான். கடையும் கப்பலும் மலாய்மொழிக்குப் போனதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். லெப்பை போனதை மறந்துவிடுகிறோம். கடையும் கப்பலும் லெப்பையும் ஒரே மரக்கலத்தில்தான் வந்திருக்க வேண்டும்.

இந்த வரலாறு நமக்குத் தெரிந்திருந்தால் 2019இல் நடந்த விவாதம் வேறு வகையில் நடந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. தமிழ், சீனப் பள்ளிகளின் நான்காம் ஆண்டு மலாய்மொழிப் பாடநூலில் ஜாவி எழுத்தை அறிமுகப்படுத்தும் திட்டம் அவ்வாண்டில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஆறு பக்கமாக இருந்தது மூன்று பக்கமாகக் குறைந்தது. பெற்றோர் இசைவு வேண்டும் என்றும் ஆயிற்று. அது சமயப் பாடம் அன்று, மொழிப்பாடத்தின் ஒரு பகுதியே. ஆயினும் நம்மவர் பலர் அதைச் சமயமாகவே கண்டார்கள். 2023இல் முஸ்லிம் மாணவர்களுக்கென இமாம் நவவியின் நாற்பது நபிமொழிகளைப் பற்றிய பாடத்திட்டம் அறிவிக்கப்பட்டபோதும் அதே ஐயம் எழுந்தது; அது முஸ்லிம் மாணவர்க்கு மட்டுமே என்று கல்வி அமைச்சு விளக்க நேர்ந்தது.

இந்த அச்சத்தை எள்ளி நகையாடக் கூடாது. தாயின் ஒப்புதலின்றிப் பிள்ளைகள் மதம் மாற்றப்பட்ட இந்திரா காந்தி வழக்கு, 2009இல் தொடங்கி, 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றத்தின் தீர்ப்பைப் பெற்றது. பிள்ளையை மதம் மாற்றப் பெற்றோர் இருவரின் இசைவும் வேண்டும் என்றது அத்தீர்ப்பு. ஒன்பது ஆண்டுகள் செய்தித்தாளில் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து வந்த சமூகம், பள்ளி நூலில் மூன்று பக்கத்தைக் கண்டு மிரள்வது வியப்பன்று. முன்கூட்டிக் கலந்துபேசாமல் நூலில் சேர்த்தது தவறு என்ற வாதத்தில் நியாயம் உண்டு என்பதே என் கருத்து. ஆனால் அப்போது மேடைகளில் முழங்கப்பட்ட மற்றொரு வாதம், அரபு எழுத்துக்கும் தமிழருக்கும் தொடர்பே இல்லை என்பது. அது பிழை. அரபு எழுத்துக்களோடு சில புதிய வடிவங்களைச் சேர்த்து மலாயை எழுதியது ஜாவி. அவ்வாறே அரபு எழுத்துக்களைத் திருத்தித் தமிழை எழுதியது அரபுத்தமிழ். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் பல தலைமுறைகள் அவ்வெழுத்தில் தமிழ் நூல்கள் எழுதினார்கள், பெண்களும் படித்தார்கள். அதைக் கூறிவிட்டு, அதன்பின் ஜாவி வேண்டுமா வேண்டாமா என்று வாதிட்டிருந்தால், நம் முஸ்லிம் தமிழர் அந்த விவாதத்தில் வெளியே நிறுத்தப்பட்டிருக்க மாட்டார்கள்.

பிற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று மாணவர்கள் கேட்பது வழக்கம். இந்தியாவில் முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்விக்கூடத்தில் சமயப் போதனைக்கு அரசியலமைப்பின் 28ஆம் விதி இடம் தரவில்லை. தமிழ்நாட்டு முஸ்லிம் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே மதரசாவில் ஓதுகிறார்கள். சிங்கப்பூர் 1984இல் மேல்நிலை வகுப்புகளில் சமய அறிவைக் கட்டாயப் பாடமாக்கியது. ஆறு ஆண்டுகளுக்குள் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. சமயங்களிடையே பிரிவு கூர்மையாகிறது என்ற அச்சம் அம்முடிவிற்கு ஒரு காரணம்.

நமக்கு மிக நெருங்கிய பாடம் இலங்கையிலிருந்து கிடைக்கிறது. அங்கே ஒவ்வொரு மாணவரும் தத்தம் சமயத்தைப் பாடமாகப் படித்தாக வேண்டும். இஸ்லாம் பாடத்திற்கு அரசே தமிழில் நூல் வெளியிடுகிறது. அதே தமிழில் சைவநெறி நூலும் உண்டு, கிறிஸ்தவ நூலும் உண்டு. இறைநம்பிக்கை, வணக்க வழிபாடு, கொடுக்கல் வாங்கல் சட்டம் என அனைத்தையும் தெளிந்த தமிழில் எழுதும் மரபு அங்கே வளர்ந்திருக்கிறது. கிழக்கிலங்கை முஸ்லிம் மாணவர் சமயத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினால் அது நல்ல தமிழ்க் கட்டுரையாகவும் இருக்கிறது. ஆனால் அங்கே முஸ்லிம் பாடசாலை, தமிழ்ப் பாடசாலை என்று பள்ளிகளே பிரிந்து நிற்கின்றன. ஒரே மொழி பேசும் பிள்ளைகள், இரண்டு வாயில்கள். அவர்கள் மொழியைக் காத்தார்கள், கூரையை இழந்தார்கள். நாம் கூரையைக் காத்தோம், மொழியை இழந்துகொண்டிருக்கிறோம். இரண்டையும் காக்க முடியாதா என்பதே என் கேள்வி. முடியும் என்றே நம்புகிறேன். அதற்குரிய இடம் தமிழ் வகுப்பு.

ஏன் தமிழ் வகுப்பு? இஸ்லாமியக் கல்வி வகுப்பில் இந்துப் பிள்ளை அமர முடியாது. நன்னெறி வகுப்பில் முஸ்லிம் பிள்ளை அமர்வதில்லை. இரு சாராரும் சேர்ந்து அமர்ந்து ஒருவர் சமயத்து வாழ்வை மற்றவர் அறியக்கூடிய வகுப்பறை, தமிழர்க்கு இந்நாட்டில் ஒன்றுதான் இருக்கிறது. அங்கே சமயம் போதனையாக வராது. இலக்கியமாக, சொல்லாக, வாழ்வாக வரும். சட்டத்தின் அரணும் சேதமுறாது.

ஆனால் அந்த வகுப்பு அவ்வாறு இருக்கிறதா? சில ஆண்டுகளுக்கு முன் பயிற்சி ஆசிரியர் ஒருவரின் பாடத்தை மேற்பார்வையிட ஓர் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றிருந்தேன். இரண்டாம் படிவம். 'எங்கள் வீட்டுப் பெருநாள்' என்று கட்டுரைத் தலைப்பு. நோட்டுகளைப் புரட்டியபோது, முஸ்லிம் பெயருடைய மாணவி ஒருத்தி, அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததையும், விளக்கேற்றிக் கோயிலுக்குப் போனதையும் அழகாக எழுதியிருந்தாள். "உங்கள் வீட்டில் தீபாவளி கொண்டாடுவீர்களா அம்மா?" என்று கேட்டேன். அவள் தலைகுனிந்து, "தமிழ்க் கட்டுரையில் நோன்புப் பெருநாளை எழுதலாமா ஐயா?" என்றாள். அவளுக்கு யாரும் தடை விதிக்கவில்லை. அவள் படித்த மாதிரிக் கட்டுரைகளில் தீபாவளியும் பொங்கலும் தைப்பூசமும்தான் இருந்தன. மதிப்பெண் வேண்டுமென்றால் இந்துவாக எழுதவேண்டும் என்று அவளாக முடிவு செய்திருந்தாள். எழுதலாம் என்றேன். மறுவாரம் அந்தப் பயிற்சி ஆசிரியர் அவளுடைய இரண்டாவது கட்டுரையைக் காட்டினார். நோன்புக் கஞ்சி காய்ச்சும் மணம் பள்ளிவாசல் வாசலிலிருந்து தெருமுனைவரை வருவதாக எழுதியிருந்தாள். அது முதற்கட்டுரையைவிட எவ்வளவோ உயிருள்ளதாக இருந்தது. வகுப்பில் அதை உரக்கப் படிக்கச் செய்தபோது, கஞ்சிக்குள் என்னென்ன போடுவார்கள் என்று மற்றப் பிள்ளைகள் கேட்டார்களாம்.

தமிழர் என்றால் இந்து என்று நாம் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைப் பெயரளவில் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோகிறோம். ஐயாயிரம் விருத்தங்களில், விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களில், நபிகள் நாயகத்தின் வாழ்வைப் பாடிய காப்பியம் அது. அரபு நாட்டை வருணிக்க வந்த புலவர், மழை பொழிந்து ஆறு பெருகி வயல் விளையும் தமிழ் நிலத்தையே அங்கே வைத்துப் பாடினார். பாலைவனத்தில் மருதத்தைக் கண்ட அந்தத் துணிவை வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்கினால், இந்துப் பிள்ளைக்கு நபியின் வரலாறு தெரியும். முஸ்லிம் பிள்ளைக்குத் தன் சமயம் தமிழில் எத்தகைய கோலத்தில் வீற்றிருக்கிறது என்பது தெரியும். இருவருக்கும் நாட்டுப்படலம் என்றால் என்ன என்பதும் தெரியும். அதுவே தேர்வுக்கும் உதவும்.

இம்மண்ணின் வரலாறும் அப்படியே. 1887இல் சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' இதழை நடத்தியவர் மகுதூம் சாயபு. அதே காலப்பகுதியில் பினாங்கில் இதழாசிரியராய் இருந்தவர் நாகூர்ப் புலவர் குலாம் காதிறு நாவலர். மலாயாத் தமிழ் இதழியலின் தொடக்கத்தை முஸ்லிம்களின் பெயரின்றி எழுத முடியாது. கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியாவில் வெள்ளிக்கிழமைப் பேருரை இன்றும் தமிழில் நிகழ்கிறது. அந்த உரையைக் கேட்டு விளங்கிக்கொள்ளும் இளைஞர்கள் இன்னும் இருபது ஆண்டுகளில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது, நாம் இன்று பேசும் பொருளைப் பொறுத்தது.

ஆசிரியப் பெருமக்களிடம் சில வேண்டுகோள்கள். தமிழ்ப்பள்ளியில் பணியாற்றும் உஸ்தாஸ் பெரும்பாலும் தமிழ் அறியாதவர். ஆசிரியர் அறையில் அவர் தனியே அமர்ந்திருப்பார். அவரிடம் தொழுகை, நோன்பு, ஓதுதல் போன்ற சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பிள்ளை வீட்டில் கேட்கும் சொற்கள் இவை என்று சொல்லுங்கள். அவர் பாடத்தின் இடையே ஒருமுறை 'தொழுகை' என்று சொன்னாலே பிள்ளையின் முகம் மலரும். அவரிடமிருந்து நீங்களும் ஜாவியில் உங்கள் பெயரை எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். நம் நாட்டுச் சின்னத்தில் உள்ள வாசகத்தைப் படிக்கவாவது அது உதவும்.

தேசியப்பள்ளிகளிலும் இடைநிலைப்பள்ளிகளிலும் தமிழ் வகுப்பு நடத்த முயலும் ஆசிரியர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. பதினான்கு கையொப்பம் கிடைத்தது, பதினைந்தாவது கிடைக்கவில்லை என்ற வருத்தத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். எந்தப் பெயர்ப்பட்டியலை வைத்துக் கையொப்பம் கேட்டீர்கள் என்று வினவினால், நன்னெறி வகுப்பின் பட்டியல் என்பார்கள். அந்தப் பட்டியலில் முகம்மதுவும் பாத்திமாவும் இருக்க மாட்டார்கள். அடுத்த முறை இஸ்லாமியக் கல்வி வகுப்பின் பட்டியலையும் உஸ்தாஸிடம் கேட்டு வாங்குங்கள். வீட்டில் தமிழ் பேசுவோர் யார் யார் என்று விசாரியுங்கள். அந்தப் பெற்றோரிடம் படிவத்தை நீட்டுமுன், பிள்ளைக்குச் சமய வகுப்பு எந்தெந்தப் பிற்பகலில் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ் வகுப்பிற்கு வேறு நாளைத் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பெறுங்கள்.